எண் இல்லாத காற்று

நண்பர் ஒருவர் அனுப்பிய பொங்கல் வாழ்த்தில், ஏதோ படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் ஒன்று வந்து நின்றது. என் போன் பழசு. மகள் சிரித்தாள்.

கட்டம் என்றாலே எனக்குச் சென்னையை அடுத்த கேளம்பாக்கம்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். பரோட்டாக் கடைக்கு மேல் எங்கள் கம்பெனி. முதலாளி, என்னோடு படித்த முருகேசன். மீதி எல்லாப் பதவியும் நான். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் புகையும் கீழேயிருந்து வரும் சால்னா வாசனையும் கலந்த அந்த மணம் எங்காவது அடித்தால், எனக்குப் பசிக்கிறதா பயமாக இருக்கிறதா என்றே இன்றும் தெரிவதில்லை.

மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பங்களில் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் தமிழில் காட்ட ஒரு பெட்டி செய்தோம். கேட்டது ஒரு தொண்டு நிறுவனம். அவர்களுக்குப் பிடித்தால்தான் ஆர்டர். பிடிக்காவிட்டால் கம்பெனியை மூடிவிட்டுத் திருப்போரூரில் மாமாவோடு மனை விற்கப் போவதாக முருகேசன் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான். அவனுக்கு மனிதர்களை முகம் பார்த்துப் பேசவே வராது.

பெட்டிக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம். வேண்டாததை உருவிவிட்டு மீதியை ஒரே கோப்பாகக் கட்டிச் சிப்பில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்புக்கு இமேஜ் என்று பேர். ஒன்று கட்ட அரை நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. தமிழ் எழுத்துரு அடங்கிய பேக்கேஜைச் சேர்த்ததும் இடம் போதவில்லை. எதையெதையோ கழித்தும் போதவில்லை. கடைசியில் கழிக்க மிஞ்சியவை ஆங்கில எழுத்துருவும், பெட்டியைப் போட்டதும் திரை நிறைய வரும் எங்கள் கம்பெனிப் பெயரும்தான். பெயரை முருகேசன் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருந்தான்.

“குப்பத்துல இங்கிலீஷ் இன்னாத்துக்கு மச்சான்? தூக்கிடு,” என்றான்.

நியாயமாகத்தான் பட்டது. தூக்கினேன். மேஜையில் தமிழ் அழகாக வந்தது. எண் வர வேண்டிய இடம் மட்டும் காலி. கரையில் காற்றையும் அலையையும் அளக்கும் கருவிகளோடு இணைத்தால் தானாக வந்துவிடும் என்று தைரியமாக இருந்தோம்.

கரையில் இணைத்தோம். ‘காற்றின் வேகம்’ என்று திரை சொன்னது. பக்கத்தில் இரண்டு கட்டம். ‘அலை உயரம்’, அங்கேயும் கட்டம். எழுத்துருவில் இல்லாததற்குத் திரை வெறும் கட்டம்தான் போடும்; எங்கள் தமிழ் எழுத்துருவில் எண்களே இல்லை. அவை எல்லாம் நாங்கள் தூக்கிய ஆங்கிலத்தோடு போயிருந்தன. அந்த நிமிடம் கடல் என்னை இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

வலை உதறிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். “எல்லாம் தமிழ்ல கீது நைனா. எவ்ளோ காத்துன்னு மட்டும் போடல.”

தொண்டு நிறுவனத்து அம்மா, “லெட்டர் போடுறோம் சார்,” என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது சொல்கிற அதே குரல். முருகேசன் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டான். ஒவ்வொரு முறையும் எங்கள் பெயர் மட்டும் பளிச்சென்று வந்தது.

மறுநாள் அவனே பெயரை எடுக்கச் சொன்னான். அந்த இடத்தில் ஆங்கில எழுத்துரு கச்சிதமாக உட்கார்ந்தது. எண்கள் வந்தன. லெட்டர்தான் வரவில்லை.

பரோட்டாக் கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. முருகேசன் மனை விற்கிறான். பார்த்தால், “பேஜாரா கீது மச்சான்,” என்பான், அதோடு சரி. பெட்டி என் பரணில் வெகுகாலம் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. அதற்கு முன் ஒரு நாள் எடுத்து, மின்விசிறிக்கு எதிரே காற்றுக் கருவியைப் பிடித்துப் பார்த்தேன். வேகத்தைச் சரியாகக் காட்டியது. யார் செய்த பெட்டி என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை.