சாப்பிடாத சர்க்கரை

பஸ் டிப்போவில் கிழிந்த இருக்கைகளைத் தைப்பவர் அவர். எல்லோருக்கும் 'சீட் மாஸ்டர்'. மனைவி அதே டிப்போவில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

மாஸ்டருக்குச் சர்க்கரை நோய் வந்ததும் அந்தப் பார்வை வீட்டுப் பக்கம் திரும்பியது. இனிப்பெல்லாம் அலமாரிக்குள் போய், சாவி மனைவியின் கைப்பைக்குள் போனது. அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை எகிறியே நின்றது.

"எங்க வச்சுத் தின்னீங்க?"

"நான் ஒண்ணும் தின்னலம்மா."

மனைவி நம்பவில்லை. சட்டைப் பையைத் துழாவினார். தையல் சாமான் பெட்டியைக் கவிழ்த்தார். நூல்கண்டுகள்தான் உருண்டன. மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, வயிறு காயக் காயப் படுத்தார். விடிந்ததும் சர்க்கரை மெஷின் முன்னைவிட ஏற்றிக் காட்டியது. மனைவி எண்ணைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாஸ்டருக்கு.

இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் போனார்கள்.

நடந்ததைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "இவர் திருடலைங்க. இவரோட கல்லீரல் செஞ்ச வேலை இது."

"அது எப்படி டாக்டர், சாப்பிடாமலே?" என்றார் மனைவி.

"மூளைக்கு எந்நேரமும் சர்க்கரை வேணும். சாப்பாடு வரலைன்னா, கல்லீரல் முதல்ல சேத்து வச்சதை எடுத்து விடும். அது குறையக் குறைய, தானே புதுசா செஞ்சுக்கும். தசையில இருக்கிற புரதம், கொழுப்பு கரையறப்போ வர்ற கிளிசரால், தசை வேலை செய்யறப்போ வர்ற லாக்டேட், இதெல்லாம்தான் அதுக்குச் சரக்கு. போதும்னு அதை அடக்குறது இன்சுலின். இவருக்கு அந்தப் பேச்சு சரியா எடுபடலை. அதான் விடியக்காலையில அள்ளி விடுது."

"அப்போ பட்டினி கிடந்தது?" என்றார் மாஸ்டர்.

"வீண்தான். வேளைக்குச் சாப்பிடுங்க. மாத்திரையை மாத்தித் தரேன். சாயங்காலம் நடங்க."

மாஸ்டர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மனைவியின் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டார்: "என்னம்மா?"

"சந்தேகம் பாதிதாங்க. மீதி பயம். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

 மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

புது மாத்திரையும் மாலை நடையுமாகச் சர்க்கரை மெல்ல இறங்கியது. நடையில் மனைவிக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும். அவருக்காக நிற்பதைக் காட்டிக்கொள்ளாமல், மாஸ்டர் ஏதாவது கடை வாசலில் நின்று, வேடிக்கை பார்ப்பதாகப் பாவனை செய்வார்.