பெரியப்பா தேய்த்துக்கொண்ட மீன் மாத்திரை

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பெரியப்பா எங்கள் தென்காசி வீட்டு நாற்காலியை விட்டு எழுவதையே விட்டுவிட்டார். முழங்கால் வலி. நடக்கச் சொன்ன டாக்டரையும் முறைத்தார். இப்படியே போனால் படுக்கையில் விழுந்துவிடுவார் என்று பெரியம்மா அடுப்படியில் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து வந்த கடையநல்லூர் நண்பர் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே தேன் நிறத்தில் அறுபது மாத்திரைகள். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்குகிற திமிரோடு நான் படித்துச் சொன்னேன்: மீன் எண்ணெய், மூட்டுக்கு நல்லது. தினம் ஒன்று விழுங்கச் சொல்லிக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

எண்ணெய் என்றால் எங்கள் ஊரில் வேறு யோசனை கிடையாது. தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நிற்க வேண்டும். என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போன பெரியப்பா, குற்றாலத்தில் அருவிக்கரையில் உட்கார்ந்து அறுபதையும் பிளேடால் கீறிப் பிழிந்து, முழங்காலில் ஆரம்பித்து, மிச்சத்தை வீணாக்குவானேன் என்று தலை வரைக்கும் தேய்த்துக்கொண்டார்.

சீசன் கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு அவருக்கு வழிவிட்டது.

"பாத்தியாட்டி, போலீஸ்னா இன்னும் ஒரு பயம் இருக்கு" என்றார் என்னிடம்.

அருவிக்கும் அந்த வாடை போகவில்லை. திரும்பும்போது பஸ் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய, எறங்கிருங்க. இல்லன்னா மத்தவங்க பூரா எறங்கிருவாங்க."

ஆட்டோக்காரரும் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் நடந்தோம். வழியில் விழுந்துவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை. நாலு இடத்தில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு இடத்திலும் அங்கே பிடித்த திருடனின் கதையைச் சொன்னார். சாரலில் நனைந்தபடி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. நடந்து வந்தவரைக் கண்ட பெரியம்மா வாசலிலேயே அழுதுவிட்டு, அப்புறம்தான் மூக்கைப் பொத்தினார்.

இரண்டு நாள் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தார். மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, குத்தாலம் போவமா? இன்னைக்கும் நம்மள பஸ்ல ஏத்தமாட்டானுவல்லா?"

நான் முகர்ந்து பார்த்தேன். "வாடையே இல்ல பெரியப்பா. தாராளமா ஏத்துவாங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. "நல்லா மோந்து பாரு. லேசா இருக்கு. நடந்தே போயிருவோம்."

எனக்குச் சுத்தமாக ஒரு வாடையும் தெரியவில்லை. பாவம், வயதானதில் பெரியப்பாவுக்கு மூக்கும் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினேன்.