ஈயத்துக்குள் ஒரு சின்ன மேடு

அந்த வருஷம் என் பிழைப்பே ஒரு வரைபடத்தின் இடது ஓரத்தில் இருந்த சின்ன மேட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஈயத்தின் அணுக்கருவில் புரோட்டானைவிட நியூட்ரான் அதிகம். மிஞ்சிய நியூட்ரான்கள் வெளிப்பக்கம் தோல் மாதிரி படிந்திருக்கும். காமா கதிர் பட்டால் புரோட்டான்கள் மொத்தமும் ஒரு பக்கம், நியூட்ரான்கள் மொத்தமும் எதிர்ப்பக்கம் என்று ஆடும். வரைபடத்தில் அது பெரிய மலை. அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு முன்னால், குறைந்த ஆற்றலில், அந்தத் தோல் மட்டும் தனியாக ஆடினால் ஒரு குட்டி மேடு வரும். அது எவ்வளவு உயரம், ஆடுவது உண்மையிலேயே தோல்தானா என்று உலகம் பூரா சண்டை. வேறு வேலை இல்லாமல் நானும் அந்தச் சண்டையில் போய் மாட்டிக்கொண்டேன்.

என் கணக்கில் மேடு வந்தது. மற்றவர்களுக்கு வந்ததைவிட உயரமாகவே வந்தது. அதை நம்பித்தான் தீசிஸே எழுதியிருந்தேன். பதிவுக்காலம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கெஸ்ட் லெக்சரராக இருந்த கல்லூரியில், பிஎச்.டி. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேலை இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நான் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று, வையம்பட்டியிலிருந்து அம்மா கிளம்பி காட்டூரில் என் வாடகை வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ஆய்விதழிலிருந்து மெயில் வந்தது. என் கட்டுரையைப் படித்த முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். போலி நிலையை நீக்கினீர்களா? நான் நீக்கவில்லை.

காவேரிப் பாலத்தில் பஸ் போகிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும்தான் நகர்கிறார்கள், அதற்காக யாரும் சீட்டை விட்டு எழுந்துவிட்டதாக ஆகாது. அதே மாதிரி, அணுக்கரு முழுசாக நகர்ந்தால் உள்ளே எதுவும் ஆடவில்லை என்று அர்த்தம். அந்த வெறும் நகர்வுதான் போலி நிலை. முழுக் கணக்கில் அது பூஜ்ய ஆற்றலில் போய் ஒதுங்கிவிடும். எங்கள் கம்ப்யூட்டர் தாங்காது என்று நாங்கள் கணக்கைக் கத்தரித்திருந்தோம். கத்தரித்தால் அது ஒதுங்காது. மேலே ஏறி, சரியாக அந்தக் குட்டி மேடு இருக்க வேண்டிய இடத்தில் குந்திக்கொள்ளும்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்த என் கைடு வீட்டுக்கு ஓடினேன்.

“அதெல்லாம் தன்னால போயிருக்கும்மா” என்றார்.

“போயிருக்காது சார். நாமதான் கட் பண்ணிட்டோமே.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்போ போய் அதைக் கிளறிண்டு இருக்காதே. பேப்பரை வாபஸ் வாங்கிக்கலாம். தீசிஸ்ல அப்படியே இருக்கட்டும். எக்ஸாமினர் நமக்குத் தெரிஞ்சவர், இதெல்லாம் கேக்க மாட்டார். பட்டத்தை வாங்கிண்டு அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கோ.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் போலி நிலையைக் கழிக்கும் பகுதியை எழுதிச் சேர்த்து கணக்கை மறுபடி ஓடவிட்டேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. உட்கார முடியவில்லை, சோறு இறங்கவில்லை. பொறுக்க மாட்டாமல் கைடுக்கு போன் போட்டு, “எல்லாமே போலியா இருந்துட்டா என்ன சார் பண்றது?” என்று கத்திவிட்டேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“என்னடி போலி? பேப்பர்ல போடுவானே, போலி டாக்டர் கைதுன்னு. அந்த மாதிரி எதுவும் பண்ணிட்டியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அழுகையில் போய் நின்றேன். பஸ், பாலம், மேடு என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் கணக்கு முடிந்தது. பழைய வரைபடத்தின் மேல் புதியதைப் போட்டுப் பார்த்தேன். மலை அப்படியே இருந்தது. மேடு இல்லை. ஒரு லேசான நெளிவு மட்டும் கிடந்தது, அதை மேடு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஈயத்தில் அது இருக்கத்தான் செய்கிறது, ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். என் கணக்குக்குத்தான் அது தெரியவில்லை. இந்த தீசிஸைக் கொடுக்கப் போவதில்லை என்று கைடுக்கு மெயில் எழுதினேன். என் வேலை போயிற்று என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“உள்ள எதுவுமே ஆடலையா?”

“நான் பாத்ததுல ஆடலம்மா. மொத்தமா நகர்ந்ததைத்தான் இத்தனை வருஷமா அளந்திருக்கேன்.”

“ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. கேட்டா என்ன சொல்றது?”

“இல்லன்னு சொல்லு.”

“மேடு இல்லன்னு சொல்லவா, டாக்டர் இல்லன்னு சொல்லவா?”

“ரெண்டும் இல்லன்னு சொல்லும்மா.”