லிங்க் எடுக்கத்தான் சொன்னீங்க: ஜெயசீலி நினைவாக

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெயசீலியின் தம்பி. "அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே. நல்லாத்தான் படுத்துச்சு, காலைல எந்திரிக்கல" என்றான். வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. இனி அலுவலகத்தில் என்னை யாரும் கழுவி ஊற்ற மாட்டார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். நமக்குள் என்ன மறைக்க வேண்டியிருக்கிறது?

பேருந்து நிலையத்தருகே ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'புன்னகை மாறா முகம், கனிவின் உருவம்' என்று போட்டிருக்கிறார்கள். ஜெயா பார்த்திருந்தால் அச்சகத்துக்கே போய்ச் சண்டை போட்டிருப்பாள். காரணமில்லாமல் அவள் யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை. காரணம் இருந்து சிரித்தபோதெல்லாம் எதிரே இருந்தவன் கூனிக்குறுகிப் போனான்.

அவள் பார்த்த வேலை என்னவென்று உறவுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு இணையதளத்துக்கு வேறு தளங்கள் லிங்க் கொடுத்தால், தேடுபொறி அதை நற்சான்றாக எடுத்துக்கொண்டு அந்தத் தளத்தைத் தேடலில் மேலே வைக்கும். அதனால் சிலர் காசு கொடுத்து லிங்க் வாங்குகிறார்கள். விற்பவனோ கண்ட குப்பைத் தளங்களிலிருந்தும் லிங்க் போட்டுக் கொடுப்பான். தேடுபொறி கண்டுபிடித்தால் தண்டனைதான்; தேடுபவர் கண்ணில் கடை படவே படாது. அந்தக் குப்பையை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதை வைத்திருப்பவர்களுக்கு எழுதி எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்காதவற்றைக் கணக்கில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குத் தெரிவித்து, மறுபரிசீலனை கேட்டு மனுப் போட வேண்டும். திண்டுக்கல்லில் அதை ஜெயாவைவிட ஒழுங்காகச் செய்தவர் யாரும் இல்லை. அவளைவிட ஈரமில்லாமல் செய்தவரும் இல்லை.

மில்லுக்கு உதிரி பாகம் விற்கும் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். வியாபாரம் படுத்துவிட்டது, அப்பா வேறு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஜெயா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பாவ டாக்டர் பாப்பாரு. நீங்க அழுதா லிங்க் போகாது. கண்ணத் தொடச்சுட்டு பாஸ்வேர்டக் குடுங்க" என்றாள். அவர் கொடுத்தார். தளமும் மேலே வந்தது. அதன் பிறகு அவர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

முத்தம்மாள் விஷயத்தை எழுதாமல் இந்த அஞ்சலியை முடித்தால் அது பொய். அகரத்தில் முருங்கை இலைப் பொடி செய்து இணையத்தில் விற்கும் அம்மாள் அவர். தளத்தை உருவாக்கிக் கொடுத்தவர் வடமதுரையில் இருக்கும் அவருடைய மாப்பிள்ளை கார்த்தி. நன்றாகப் போய்க்கொண்டிருந்த தளத்துக்கு ஒருநாள் தண்டனை வந்தது. ஆர்டர் நின்றது. பொடி மூட்டை மூட்டையாகத் தேங்கியது. நாங்கள் சுத்தம் செய்து மனுப் போட்டோம், தேடுபொறிக்காரர்கள் நிராகரித்தார்கள். மறுபடி செய்தோம், மறுபடியும் நிராகரித்தார்கள். எடுத்துக்காட்டாக அவர்கள் அனுப்பிய லிங்க்குகள் எல்லாமே புதியவை. ஒரு பக்கம் நாங்கள் கூட்ட, மறுபக்கம் யாரோ கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

முத்தம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவர் பெருமையாகவே சொன்னார்: "எங்க மாப்பிள்ளதான் மாசாமாசம் கைக்காசப் போட்டு லிங்க் வாங்கிவிடுறாரு. தளம் விழுந்ததும் பாவம், இன்னும் நெறயா வாங்குறாரு."

ஜெயா சிரித்தாள். விஷயம் புரிந்ததும் முத்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளகிட்ட மட்டும் சொல்லிராத தாயி. அவரு மனசு சுணங்குனா எம்மகளக் கொண்டாந்து விட்டுருவாரு. இப்பத்தான் ரெண்டு வீடும் ஒண்ணு மண்ணா இருக்கோம்."

நான் ஒரு வழி சொன்னேன். விதிகள் மாறிவிட்டன, இனி யாருமே லிங்க் வாங்கக் கூடாதாம் என்று கார்த்தியிடம் பொதுவாகப் போனில் சொல்லிவிடலாம். அவர் முகமும் வாடாது. ஜெயா, "பாக்கலாம்" என்றாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாளின் பேரனுக்கு வடமதுரை மண்டபத்தில் காதுகுத்து. எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். அய்யலூர்ச் சந்தையில் பிடித்த கிடாக்கள், பந்தி நிறைய கார்த்தியின் சொந்தக்காரர்கள். எதிர் வரிசையில் கார்த்தி உட்கார்ந்து, மாமியார் வியாபாரத்தைத் தான்தான் தூக்கி நிறுத்துவதாகத் தன் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள சார்," என்றாள் ஜெயா. "நீங்க வாங்கிப் போட்ட லிங்க்க வாசிக்கட்டுமா? பெரியவுகளும் கேக்கட்டும்." இடது கையில் போனை எடுத்து வாசித்தாள். சீட்டாட்டத் தளங்கள். ஆண்மை மாத்திரைத் தளங்கள். வாயில் சொல்ல முடியாத சிலவற்றையும் சொன்னாள். பந்தி முதலில் புரியாமல் கேட்டது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. "இம்புட்டும் முருங்கப் பொடிக்கு! உங்க அத்த பொழப்புல மண்ணள்ளிப் போட்டது வேற யாருமில்ல, நீங்கதான்."

கார்த்தி பாதி இலையில் எழுந்து போனார். முத்தம்மாள் ரசவாளியோடு நின்றது நின்றபடி நின்றார். ஜெயா மட்டும் மோர் வரைக்கும் சாப்பிட்டாள். சீர் கொண்டுவந்த வேனிலேயே மகள் செல்வியும், அன்று காது குத்திய குழந்தையும் அகரத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

புது லிங்க் வருவது அன்றோடு நின்றது. அடுத்த மனு ஏற்கப்பட்டு, தளம் பழைய இடத்துக்கு வந்தது. தேங்கிய பொடியெல்லாம் விற்றது. முத்தம்மாள் அலுவலகத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். "கட வந்துருச்சு. எம்மக வாழ்க்க போச்சு. நான் எதக் கேட்டேன் உங்கிட்ட?"

"லிங்க் எடுக்கத்தான் சொன்னீங்க. எடுத்துட்டேன்" என்றாள் ஜெயா.

அவளை அறைந்தால் என்ன என்று எனக்குக் கை பரபரத்தது. அந்த அம்மாள் போன பிறகு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். "பூசி மொழுகுனா ஆறே மாசத்துல திரும்ப வாங்குவான். வலிச்சாத்தான் நிறுத்துவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தளத்தைத் திறந்தாள்.

சமாதானம் பேச நான் வடமதுரைக்குப் போனேன். கார்த்தி மரியாதையாகத்தான் பேசினார். "எங்கிட்ட தனியா ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன் சார். தப்புன்னே எனக்குத் தெரியாது. இப்ப எங்க பெரியப்பா முன்னாடி நான் எப்பிடி நிமிந்து நடக்குறது? செல்வி மூஞ்சியப் பாத்தா அந்தச் சிரிப்புத்தான் கேக்குது." அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஜெயாவிடம் வந்து சொன்னேன். "இப்பச் சொல்லுவான்" என்றாள். செல்வி இன்றுவரை அகரத்தில்தான் இருக்கிறாள். தளத்தை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள்.

மாதா கோயிலில் பூசை முடிந்து ஜெயாவின் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆளாளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். திரும்பும்போது வேலியோரம் செல்வி நின்றிருந்தாள். முத்தம்மாள் வரவில்லை.

"அழுறதுக்கு வரல அண்ணே" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பந்தியில வச்சுச் சொல்லாம, அந்தக்கா அவர தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரா?"

அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டிருக்க மாட்டார், எப்படிச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும் என்று சொன்னால் போதும். இன்று இரவு நிம்மதியாகத் தூங்குவாள். யார் முகமும் வாடாமல் பேசுவதுதானே இத்தனை வருடம் அந்த அலுவலகத்தில் என் வேலை.

"கேட்டிருப்பாரும்மா" என்றேன். "எங்கிட்டயே சொன்னாரு."

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஜெயசீலி போய்விட்டாள், அவளுடைய வாய் இப்போது என்னிடம் இருக்கிறது.