மாவு பொங்காத காலை

எங்கள் கேரவனில் இருக்கும் ஃபிரிட்ஜில் சாமான் வைக்கலாம், எடுக்கலாம், அதற்குமேல் யாரும் அதைத் தொடக் கூடாது என்பது வண்டி வந்த நாளிலிருந்தே சட்டம். சட்டம் போட்டவர் என் நாத்தனாரின் கணவர். வெளிநாட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பியவர். வந்ததும் ஒரு நீளமான வேனை வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்துச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டார். சினிமாக்காரர்கள்தான் கேரவனில் போவார்கள் என்று நினைத்திருந்த எங்கள் தெரு, அந்த வண்டியை ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்தது.

என் கணவர் அதை ஓட்டுகிறார். நான் அதில் சமைக்கிறேன். முதலாளியை அவர் மாமா என்பார், நான் அண்ணே என்பேன். அவரிடம் நான் அதிகம் பேசியதில்லை. அவரிடம் என்று இல்லை, யாரிடமும். வண்டியில் சமையல் மேடைக்கும் பயணிகள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு திரை தொங்கும். நான் எப்போதும் திரைக்கு இந்தப் பக்கம். இட்லித் தட்டை நீட்டுவது மட்டும் என் கை. அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னும் ரெண்டு கிடைக்குமா?" என்று யாராவது கேட்டால், எனக்கு அன்றைக்குப் பூராவும் அது போதும். முகம் காட்டாமல் பாராட்டு வாங்க ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அந்த ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை. மோட்டார் கிடையாது. வண்டி ஓடும்போது பேட்டரியில் வேலை செய்யும். நிற்கும்போது பின்னால் கேஸில் ஒரு சின்ன நெருப்பு எரியும், அதனால் உள்ளே குளிரும். நெருப்பு எரிந்து எப்படிக் குளிரும் என்று எனக்கு இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை. சத்தமே போடாது. வெளிநாட்டுச் சாமான் என்பதால் முதலாளி அண்ணன் அதன் கதவைக்கூட இரண்டு கையாலும்தான் மூடுவார்.

ஆனால் அது சரியாகக் குளிரவில்லை. வெயில் ஏற ஏற மோசமானது. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒரு குடும்பம் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு பை நிறைய சாக்லெட் கொண்டுவந்து மேல்தட்டில் வைத்தார்கள். மறுநாள் அது பாயசமாக இருந்தது. அதே ராத்திரியில் கீழ்த்தட்டின் மூலையில் இருந்த தக்காளி கல்லாக உறைந்திருந்தது. அவர்கள் முதலாளி அண்ணனுக்கு போன் போட்டுச் சத்தம் போட்டுவிட்டார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலில் நின்று என் கணவரிடம் சொன்னார். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

"இது மூணாவது கம்ப்ளைண்ட் மச்சான். இன்னும் ஒண்ணு வந்துச்சு, ஃபிரிட்ஜையும் அடுப்பையும் கழட்டிக் கடாசிட்டு அந்த எடத்துல ரெண்டு சீட்டு போட்டுடுவேன். சாப்பாட அவுங்க ஓட்டல்ல பாத்துக்கட்டும்."

"அப்ப இவ?"

"வீட்டுல இருக்கட்டும். நான் என்னா பண்றது? அடுத்த பார்ட்டி வர்ற வாரம். வெளிநாட்டுக் குடும்பம். அதுதான் கடைசி, சொல்லிட்டேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. தொட்டியில் தண்ணீர் வழிந்து காலில் கொட்டியபோதுதான் குழாயை மூடினேன்.

அன்றைக்கு ஃபிரிட்ஜைத் திறந்து கையை உள்ளே விட்டேன். கீழே பின்பக்கம் ஐஸ். நடுவில் பரவாயில்லை. மேலே, கதவு ஓரம், வெளியே இருக்கும் காற்றேதான். குளிர் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை பார்த்தேன். அங்கே குளிர் அறையில் பெரிய பெரிய காத்தாடிகள் எந்நேரமும் ஓடும். ஒருநாள் மிஷின் ஓடியது, காத்தாடி மட்டும் நின்றுபோனது. சுவர் ஓரத் தட்டெல்லாம் பாறையாக இருக்க, வாசல் ஓரத் தட்டில் இறால் தண்ணீர் விட்டுவிட்டது. சூப்பர்வைசர் போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. குளிரை உண்டாக்கினால் போதாது, அதைச் சுற்றவும் விட வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"என்னா சொல்ற? ஃபிரிட்ஜுக்குள்ள காத்தாடியா? ஏன், அதுக்கு வேர்க்குதா?"

"சின்னதா. கம்ப்யூட்டர்ல இருக்குமே, அது."

"அப்பறம் அதுக்கு ஒரு தலகாணி, ஒரு போர்வை. மாமாவுக்குத் தெரிஞ்சுது, என்னையும் சேத்துக் கழட்டிக் கடாசிடுவாரு."

"ஓட்டை கீட்டை எதுவும் போட வேணாங்க. சும்மா உள்ள வைக்கிறதுதான். வேணான்னா எடுத்துடலாம்."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே அவருக்கு ஆச்சரியம். மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர், எந்த மாடலுக்கு என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஃபிரிட்ஜுக்கு," என்று கடைசியில் அவரே சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளங்கை அளவு காத்தாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வண்டி பேட்டரியில் ஓடும், மெதுவாகச் சுற்றினால் போதும் என்றால் இதுதான் சரி என்றார்.

முதலில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வைத்து மேலே ஒட்டினோம். உள்ளே இருந்த ஈரத்தில் ராத்திரியே டேப் விட்டுக்கொண்டு, காத்தாடி தயிர்ச் சட்டிக்குள் விழுந்து கிடந்தது. நல்லவேளை, வயரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. கழுவிக் காயவைத்தால் ஓடியது. "மோர் கடையறதுக்கு வாங்குனியா?" என்றார் என் கணவர்.

இரண்டாம் தடவை கீழ்த்தட்டுக் கம்பியிலேயே, முகம் மேலே பார்க்கும்படி வைத்து, நான்கு மூலையிலும் கட்டினேன். கீழே தேங்கும் குளிரை அது மேலே தள்ள வேண்டும். வயரை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதுதான் பெரிய பாடு. கதவு வழியாகக் கொண்டுபோனால் கதவு சரியாக மூடாது. ஃபிரிட்ஜுக்குள் பின்பக்கத் தகடுகளில் சொட்டும் தண்ணீர் வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கும். மெல்லிய வயரை அதன் வழியாக விட்டார் என் கணவர். தண்ணீர் வெளியேறவும் வழி இருந்தது. கிண்டல் செய்தபடியே செய்கிற ஆள், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும்.

பாத்திரங்களை இடித்து இடித்து அடுக்குவதையும் விட்டேன். காற்று போக இரண்டு விரல் இடைவெளி விட்டேன்.

குளிர்கிறதா என்று எதைக் கொண்டு பார்ப்பது? என்னிடம் இருந்தது மாவுதான். காத்தாடி வைப்பதற்கு முன்னாலேயே மூன்று டம்ளரில் ஒவ்வொரு கரண்டி இட்லி மாவு ஊற்றி, மாவு நிற்கும் உயரத்தில் ரப்பர் பேண்டு மாட்டி, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே மூலையில் ஒன்று என வைத்துப் பார்த்திருந்தேன். காலையில் மேல் டம்ளர் ரப்பர் பேண்டைத் தாண்டி இரண்டு விரல் பொங்கியிருந்தது. நடு டம்ளர் ஒரு விரல். கீழ் டம்ளர் ஐஸ். காத்தாடி வைத்தபின் அதே மூன்று டம்ளர், புது மாவு, வாசலில் நிற்கும் வண்டி. மறுநாள் காலை திறந்தேன். மூன்றிலும் மாவு ரப்பர் பேண்டு கிட்டேயே நின்றது. ஒன்றும் பொங்கவில்லை, ஒன்றும் உறையவில்லை. தரையில் உட்கார்ந்து மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தாவதில் கணக்கில் தப்பித் தவறிப் பாஸ் ஆனபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டேன்.

வெளிநாட்டுக் குடும்பம் வந்தது, அங்கே போய்க் குடியேறிய நம் ஊர்க்காரர்கள்தான். கணவன், மனைவி, மனைவியின் அண்ணன். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வண்டியில் ஏறியதும் கையில் ஒரு பெரிய பை. "இதுல சாக்லெட் இருக்கு, சேத்தியாத்தோப்புல எங்க சித்தி வீட்டுப் பிள்ளைங்களுக்கு. உருகாம இருக்குமா?" என்று திரைக்கு வெளியே நின்று கேட்டார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அதை மேல்தட்டில் வைத்துக் கதவை மூடினேன்.

அன்று கடலூரில் கடற்கரையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் சிதம்பரம் வந்து, ரதவீதிக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினோம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து இட்லி சாப்பிடுவதாகச் சொன்னார்கள். முதலாளி அண்ணனும் மோட்டார் சைக்கிளில் சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். பார்ட்டியைப் பார்க்க என்றார். என்னைப் பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் மாவுச் சட்டியை எடுத்தேன். வழக்கமாக மத்தியானம் வீட்டில் அரைத்து, வெளியே வைத்தால் புளித்துவிடும் என்று நேராக மேல்தட்டில் வைப்பேன். அந்த அரைகுறைக் குளிரில் அது ராத்திரி பூரா நிதானமாகப் பொங்கி, காலையில் மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவு நாளும் ஃபிரிட்ஜ் என் மாவைப் பொங்கவைத்துக் கொடுத்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. மூடியைத் திறந்தேன். முந்தின நாள் ஊற்றிய அளவிலேயே, அசையாமல் மாவு கிடந்தது.

வேறு மாவு இல்லை. வந்தது வரட்டும் என்று ஊற்றினேன். பானையைத் திறந்தால் இட்லி இல்லை, வில்லை. அதற்குள் அவர்கள் கோயிலிலிருந்து வந்துவிட்டார்கள். முதலாளி அண்ணன் திரையை விலக்கித் தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்து விரலால் தட்டினார்.

"தங்கச்சி, இது இட்லியா, கேரம் காயா?"

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. என் கண் நிறைந்துவிட்டது. அரிசியும் பருப்பும் எடுத்துப் பொங்கலுக்கு வைத்தேன். நாலாவது கம்ப்ளைண்ட் என் கையாலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுப்பைக் கழட்டுவார்கள். இந்த இடத்தில் இரண்டு சீட்டு வரும்.

"பொங்கல் வேகற வரைக்கும் குடிக்க எதுனா குடும்மா," என்றார் முதலாளி அண்ணன். மோரை எடுத்து டம்ளர்களில் ஊற்றி நீட்டினேன்.

அந்த அம்மா கேட்டார். "அய்யோ, பல்லு கூசுது! இவ்ளோ வெயில்ல இவ்ளோ சில்லுனு எப்படி? அந்தச் சாக்லெட்டக் கொஞ்சம் குடுங்களேன், பாக்கறேன்."

பையைக் கொடுத்தேன். அவர் ஒன்றை உடைத்தது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. சடக் என்று.

முதலாளி அண்ணன் மறுபடியும் திரையை விலக்கி உள்ளே வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டில் இருந்த பாலைத் தொட்டார். கீழ் மூலையில் இருந்த தக்காளியைத் தொட்டார், அமுக்கிப் பார்த்தார். நான் தலைக்கு வாங்கி வைத்திருந்த மல்லிப் பூவைத் தொட்டார். உள்ளே குனிந்தவர் அப்படியே நின்றார்.

"உள்ள என்னாவோ கொய்ங்குதே. யார் தொட்டது இத?"

என் கணவர் கதவு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஒரு மெக்கானிக்கு மாமா. தெரிஞ்ச ஆளு. சும்மா பாக்கறேன்னு சொன்னாரு..."

என்னைக் காப்பாற்றத்தான் அவர் பொய் சொன்னார். ஏச்சு வந்தால் அந்த இல்லாத மெக்கானிக்குக்குப் போகட்டும் என்று. ஆனால் முதலாளி அண்ணன் முகத்தில் ஏச்சு இல்லை.

"யாருய்யா அந்த ஆளு? கெட்டிக்காரனா இருக்கானே! நம்பர் குடு. என் ஃபிரண்டு ஒருத்தனும் இதே மாதிரி வண்டி வச்சிக்கிட்டு ஃபிரிட்ஜோட அல்லாடறான்."

என் கணவர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர் கடையில் பார்த்த அதே பார்வை. நான் அன்றைக்கு மாதிரி தரையைப் பார்த்திருந்தால், வாழ்நாள் பூரா அந்த மெக்கானிக் எங்கள் வண்டியில் உட்கார்ந்திருப்பான்.

"நான்தாண்ணே," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னா நீதான்?"

"காத்தாடி. நான்தான் வச்சேன். ஓட்டை எதுவும் போடல. அதனாலதான் மாவும் பொங்கல. ராத்திரி அத வெளிய வச்சிருக்கணும், அத நான் யோசிக்கல."

திரை விலகியே இருந்தது. வெளிநாட்டுக் குடும்பம் மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் என் முகத்தை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முந்தானையை இழுத்துக்கொள்ளக்கூட மறந்துபோனேன்.

முதலாளி அண்ணன் என்னைப் பார்த்தார், தட்டில் இருந்த வில்லைகளைப் பார்த்தார், மறுபடியும் ஃபிரிட்ஜைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்ப இட்லி கல்லாப் போனதுதான் சர்ட்டிபிகேட்டா! மச்சான், பொய் சொல்லத் தெரியலியே உனக்கு. வீட்டுலயே மெக்கானிக்க வச்சிக்கிட்டு..."

அந்த அம்மா எழுந்து வந்து காத்தாடியைக் காட்டச் சொன்னார். நான் தட்டை நகர்த்திக் காட்டினேன். எதற்காகக் கீழே வைத்தேன், ஏன் பாத்திரங்களுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறேன், டம்ளரில் மாவு ஊற்றி எப்படிப் பார்த்தேன் என்று எல்லாம் சொன்னேன். அவர் அந்த டம்ளர் விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பொங்கல் அடிபிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

புறப்படும்போது முதலாளி அண்ணன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். என் கணவரை அல்ல, என்னை.

"என் ஃபிரண்டு வண்டிய ஞாயித்துக்கிழமை கொண்டாரச் சொல்றேன். பாத்துக் குடு. அடுப்பு இருக்கற எடத்துலயே இருக்கட்டும். ஆனா நாளைக்கு இட்லி?"

"பொங்கும்ணே," என்றேன்.

மறுநாளைக்காக வழியில் ஒரு மாவுக்கடையில் அப்போதுதான் அரைத்து வாங்கிய மாவை அன்று ராத்திரி ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. என்ஜின் சூடு லேசாக வரும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து, மேலே துணி போட்டு மூடினேன். காலையில் அது மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, என் கணவரின் செருப்பு வரைக்கும் வந்திருந்தது.