பதினாறாம் சேனல்

சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் எழுமே, அது அடங்காமல் நீண்டுகொண்டே போனால் எப்படியிருக்குமோ அப்படித்தான், அடுத்தவர்களின் ரேடியோப் பேச்சைப் பிடித்துத் தரும் எங்கள் வீட்டு ஸ்கேனர் தினமும் கண்விழிக்கும். அதன் தலையிலிருந்த இரண்டு திருகுகளில் சின்னதை மெல்லத் திருப்பத் திருப்ப இரைச்சல் மெலிந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் வெட்டியதுபோல் நின்றுவிடும். அங்கே விரலை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினால் இரைச்சலோடு சேர்ந்து தூரத்து மனிதர்களும் காணாமல் போய்விடுவார்கள். பத்து வயதில் எனக்குக் கைவந்த ஒரே வித்தை அதுதான். படிப்பு, பாட்டு, நீச்சல் எல்லாம் சுமார் ரகம்.

அப்போது நாங்கள் ஆக்லாந்தின் மங்கரேயில், விமானங்கள் கூரைக்கு மேல் சக்கரத்தை விரித்துக்கொண்டு இறங்கும் ஒரு தெருவில் குடியிருந்தோம். மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து வந்து மூன்றாவது வருடம். அப்பாவுக்கு விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. அம்மா தைப்பிங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இங்கே ஒரு கடைத்தொகுதியிலிருந்த துணிக்கடையில், வருகிறவர்கள் கலைத்துப்போட்ட சட்டைகளை மறுபடி மடித்து அடுக்கும் வேலை. பள்ளியில் மூன்று வருடம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த விடுப்பு அந்த டிசம்பரோடு முடிகிறது, ஜனவரியில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போனதுதான். திரும்பிப் போக வேண்டும் என்று அம்மா துடித்தார், அதில் ஒளிவுமறைவே கிடையாது. "அங்க நான் டீச்சர். இங்க சைஸ் பன்னெண்டு எந்த ராக்குல இருக்குன்னு காட்டுறவ" என்பார். அப்பாவோ, "அடுத்த வருசம் பாப்போம் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். அவர் அம்மாவைக் கூப்பிடுவதே அப்படித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்கேனரைத் தந்தவர் குணம் மாமா. அப்பாவோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்துப் பேட்டையான பாபடோயிட்டோயில் வீடு, வீட்டு வாசலில் டிரெய்லரில் ஏற்றிய ஓர் அலுமினியப் படகு. புதிதாக ஒரு ஸ்கேனர் வாங்கியதும் பழையதை எங்களுக்குத் தள்ளிவிட்டார். எங்கள் வீட்டில் யாருமே அதைக் கேட்கவில்லை, ஆனால் இலவசமாக வந்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. அதில் ஐம்பது மெமரிகள், ஐம்பதும் காலி. எந்த அலைவரிசையில் யார் பேசுவார்கள் என்று தன் கோணல் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு, மாமா என்னிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: "இஞ்ச பார் பிள்ளை, கேக்கலாம். ஆனா கேட்டதை வெளியில கதைக்கப்படாது. அதுதான் இங்கத்தைச் சட்டம், விளங்குதே?" நான் பெரிய மனுஷிபோல, "ஓம்" என்று தலையாட்டினேன்.

ஐம்பதையும் நிரப்ப ஒரு வாரம் பிடித்தது. 'மேனுவல்' பொத்தானை அழுத்தி, எந்த மெமரி என்று எண்ணைத் தட்டி, 'புரோகிராம்' அழுத்தி, அலைவரிசையைத் தட்டி, கடைசியில் 'எண்டர்'. இவ்வளவுதான். ஆனால் தாளை வாசித்தது அம்மா ஆயிற்றே. சமையலறை மேசைக்கு எதிரில் நின்றபடி, மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் நடத்தும் குரலில், "நூற்றுப் பதினெட்டு... புள்ளி... ஏழு" என்பார். அது விமான நிலையக் கோபுரம். ஒரு முறைதான் சொல்வார், கவனிக்காவிட்டால் அது நம் தலையெழுத்து. நான் புள்ளியைத் தவறவிட்டு, ஸ்கேனர் 'எரர்' என்று காட்டினால், அம்மாவின் முகத்தில் மூன்று வருடமாய்க் காணாத ஒரு வெளிச்சம் வரும். தப்புத் திருத்துவதற்கு ஒரு பிள்ளை கிடைத்துவிட்ட வெளிச்சம். அதைப் பார்ப்பதற்காகவே சில புள்ளிகளை நான் வேண்டுமென்று விட்டிருக்கிறேன். "நூற்றைம்பத்தாறு... புள்ளி... எட்டு" என்று வந்தபோது, அது கடலில் போகிறவர்களின் பதினாறாம் சேனல், ஆபத்தென்றால் எல்லாப் படகும் கூப்பிடுவது அதில்தான் என்று குணம் மாமாவின் தாள் சொன்னது. மறக்காமலிருக்க அதைப் பதினாறாவது மெமரியிலேயே போட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் சமையலறையில் ஆக்லாந்தே வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்சிக்காரர்கள், சாலை தோண்டுகிறவர்கள், பேரங்காடிக் காவலாளிகள். அம்மாவின் கடைத்தொகுதியில் யாரோ பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடுவதை ஞாயிறு மதியம் நாங்கள் வீட்டிலிருந்தே கேட்டுப் பதறி, பிள்ளை பொம்மைக்கடையில் கிடைத்ததும் கைதட்டியிருக்கிறோம். போலீஸ் வந்தால் மட்டும் அம்மா தாண்டச் சொல்லிவிடுவார். "அடுத்தவன் வீட்டுச் சண்டையில நமக்கென்ன வேலை, நம்ம வீட்டுலயே வேணுங்கிறது இருக்கு" என்பார், அப்பாவின் காதில் விழும்படி.

அம்மாவுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. காலைப்பொழுது முடியும் வேளையில் வரும் கோலாலம்பூர் விமானம். விமானி கோபுரத்தைக் கூப்பிடும்போது அந்த ஆங்கிலத்தில் ஓடும் மலாய் ராகம் அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிடும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். இறங்க அனுமதி கொடுத்தார்களா என்று கேட்டு முடித்த பிறகுதான் அடுப்புப் பக்கம் திரும்புவார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, குணம் மாமாவும் அப்பாவும் விடியற்காலையில் மணுக்காவ் துறைமுகத்துக்கு மீன்பிடிக்கப் போனார்கள். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. போவதற்கு முன் படகில் ரேடியோ இருப்பதைச் சொல்லி அப்பாவே அம்மாவைச் சமாதானப்படுத்தினார்: "ஏதும் ஆனா பதினாறுலதான் கூப்பிடுவோம். நீ வீட்டுல இருந்தே கேட்டுக்கிட்டு இரு, டீச்சர். சத்தமே இல்லைன்னா எல்லாம் நல்லபடியா இருக்குன்னு அர்த்தம்."

அன்று நல்ல வெயில். நகரத்துப் படகெல்லாம் தண்ணீரில். ரேடியோ வேலை செய்கிறதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் பதினாறில் கூவிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேனர் ஒவ்வொரு சேனலாகத் தாவிப் போகும் சாதனம். எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நின்றுவிடும். அது பதினாறிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது. கோலாலம்பூர் விமானம் வரும் நேரம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். விடுப்பு முடிய இன்னும் ஐந்து வாரம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சேனல் தொல்லை கொடுத்தால் ஸ்கேனர் அதைத் தாண்டிப் போகும்படி செய்ய ஒரு பொத்தான் உண்டு, 'லாக்கவுட்' என்று பெயர். பதினாறை அழுத்திப் பூட்டினேன். உடனே வீடு அமைதியானது. இரண்டு நிமிடத்தில் விமானி பேசினார், தெளிவாக, தடையில்லாமல். அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

விமானம் இறங்கியதும் பூட்டைத் திறந்திருக்க வேண்டும். தொலைக்காட்சியில் ஏதோ வந்தது, ஓடிவிட்டேன்.

மத்தியானம் முழுக்க அம்மா நெத்திலிச் சம்பல் கிண்டிக்கொண்டே ஸ்கேனருக்குக் காது கொடுத்திருந்தார். விமானங்கள் வந்தன, போயின. "இன்னிக்குக் கடல் சாதுவா இருக்கு போல" என்று ஒருமுறை சொன்னார். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

நாலரை மணிக்கு அப்பா வந்தார். தலைமுதல் கால்வரை நனைந்து, யாரோ கொடுத்த சாம்பல்நிறப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாமல். எஞ்சின் நின்றுபோய், கடலுக்கு வடியும் தண்ணீர் அவர்களைத் துறைமுக வாய்க்கு, அலை உடைகிற மணல்திட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முக்கால் மணி நேரம். மீட்புப் படகு வந்து கட்டி இழுத்து வந்திருக்கிறது. அப்பா இதையெல்லாம் விவரமாகச் சொல்லவில்லை. வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து ஒன்றைத்தான் கேட்டார்.

"கேட்டியா?"

அம்மா ஸ்கேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும், டீச்சருக்குப் படிக்கவா தெரியாது.

"கேட்டேங்க."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்தான். மொதல்ல போய்ச் சுடுதண்ணியில குளிங்க."

அப்பா போர்வையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நான் அழுதேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "எனக்காகத்தானே செஞ்சே, விடு" என்றார். "அப்பாக்குத் தெரிய வேணாம். அப்படித் தண்ணியில கெடந்து கத்தினவருகிட்டப் போய் வீட்டுல ஒருத்தரும் கேக்கலைன்னு சொன்னா, மனுசன் தாங்கமாட்டாரு."

அடுத்த வாரம் குணம் மாமா வந்து சிரித்துச் சிரித்துக் கதை சொன்னார். "உன்ர அப்பா நல்லா இங்கிலீசில கதைச்சுக்கொண்டிருந்தவர், நடுவில தமிழுக்குத் தாவிட்டார். அங்கால ரேடியோவில இருந்த பெட்டை பாவம், திருப்பிச் சொல்லுங்கோ, திருப்பிச் சொல்லுங்கோ எண்டு கெஞ்சுறாள்!" என்ன சொன்னார் என்று நான் கேட்டதற்கு, "அது உன்ர அம்மாவுக்குச் சொன்னது, அவதான் கேட்டவ எல்லே" என்று முடித்துவிட்டார். அம்மாவும் சிரித்து வைத்தார். பிறகு மாமா குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்.

விடுப்பு முடிய நெருங்கியும் ஊருக்குப் போவதைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் அம்மா பள்ளிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். இரண்டு வரிதான். அப்பா காரோட்ட, பக்கத்தில் அம்மா கடிதத்தை மடியில் வைத்தபடி, பின்னால் நான். தபால் பெட்டியருகே அப்பா காரை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவும் இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்ததுபோல்தான் எனக்கு ஞாபகம். பிறகு அம்மா இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அம்மா அந்தக் கடையிலேயே பதினெட்டு வருடம் சட்டை மடித்தார். இரண்டு கல்யாணங்களுக்குத் தைப்பிங் போய், "வெயில் தாங்கலை" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். அம்மா இறந்து இது மூன்றாவது வருடம்.

இந்தக் குளிர்காலத்தில், மங்கரே வீட்டை ஒழித்து அப்பாவை என்னோடு கூட்டிவந்தபோது, ஒரு பெட்டியின் அடியில் ஸ்கேனர் கிடைத்தது. பேட்டரி போட்டேன், உயிர் வந்தது. ஆனால் ஐம்பதில் முக்கால்வாசி ஊமை. போலீஸ் பேச்செல்லாம் நம் காதுக்கு எட்டாத ரகசிய அலைக்குப் போய்விட்டது, டாக்சிக்காரர்களைக் கைப்பேசி விழுங்கிவிட்டது, பேரங்காடிக் காவலாளிகள் எங்கே போனார்களோ தெரியவில்லை. விமானங்களும் கடலும் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. பதினாறில் யாரோ ஒருவர் ரேடியோ கேட்கிறதா என்று கூவினார். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார்.

"அன்னிக்கு உங்கம்மாகிட்ட இதுலதான் சொன்னேன்" என்றார். இத்தனை வருடத்தில் அவராக அந்த நாளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்முறை. "டீச்சர், நான் கரைக்கு வந்துட்டா நாம தைப்பிங்குக்கே போயிடலாம், டிக்கெட்டு நானே போடுறேன், நீ உன் ஸ்கூலுக்குப் போன்னு சொன்னேன். அத்தனை பேர் கேக்க சொன்னேன். வீட்டுக்கு வந்து கேட்டியான்னேன், எல்லாத்தையும் கேட்டேன்னா. அப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. தானே கடுதாசி எழுதி, தானே கொண்டுபோய்ப் போட்டா. நான் கார்ல காத்துக்கிட்டு இருந்தேன், இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. சரி, அவளுக்கு இந்த ஊரு பிடிச்சுப்போச்சு, என் மேல கோவமும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். பெரிய நிம்மதிம்மா எனக்கு."

சொல்லாமல் விட்டிருக்கலாம், எண்பதை நெருங்கும் மனிதரிடமிருந்து அந்த நிம்மதியைப் பிடுங்குவதால் யாருக்கு என்ன லாபம். ஆனால் அம்மா ஒருமுறை பொய் சொன்னதால் நடந்தது போதும் என்று தோன்றியது. பத்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதை நாற்பதை நெருங்கும்போது சொன்னேன். லாக்கவுட் பொத்தான், கோலாலம்பூர் விமானம், வாசலில் அம்மா என்னைப் பார்த்த பார்வை, எல்லாம். "அம்மா எதையும் கேக்கலைப்பா. நீங்க நனைஞ்சு போய் நின்னீங்க, அதனால அப்படிச் சொன்னாங்க."

அப்பா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ, போகணும்னு ஆசைய வச்சுக்கிட்டேதான் என்கூட இருந்தாளா?" என்றார். "கடைசி வரைக்குமா?"

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அம்மா ஒருவர்தான்.