அடிப்பெட்டியில் ஆறு சொல்

அய்யம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால், நான் செய்த கூறுகெட்ட காரியத்தையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். என் பெயர் செல்லத்தாய். அவளும் நானும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. திருத்தங்கலிலிருந்து இரண்டு மைல் எங்கள் ஊர். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் எல்லார் வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டுவார்கள்.

அய்யம்மாளுக்கு வாய் திக்கும். அவள் தண்ணீர் கேட்டு முடிப்பதற்குள் நமக்குத் தாகம் வந்துவிடும் என்று கேலி பேசுவேன். ஈவிரக்கமில்லாத வயது அது.

ஐம்பத்தேழில் நாங்கள் ஐந்தாம் வகுப்பு. பெட்டி ஒட்டவேண்டும் என்று பாதிப் பெண்பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். முத்துமாரியம்மாள் டீச்சர் வெயிலில் வீடு வீடாக வந்தார். "பெட்டியையும் தூக்கிட்டு வரட்டும். என் கண்ணு முன்னால ஒட்டட்டும், போதுமா?" என்றார். மறுநாளே பிள்ளைகளைக் கூடையோடு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மத்தியான வகுப்பென்றால் ஆளுக்கொரு பசைக் கிண்ணம்தான். மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாளைச் சுற்றி, குச்சி வைக்கிற அடிப்பெட்டியை ஒட்டி வெயிலில் காயவைப்போம். முற்றமெல்லாம் நீலம். டீச்சர் கதை வாசிப்பார். கதையில் ஒரு கடல் வரும். நாங்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. பசை வாசத்திலும் அந்தக் குரலிலும் கண் சொருகும், கை மட்டும் தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். காற்றடித்தால் முற்றத்து நீலம் அசையும். அதுதான் கடல் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அய்யம்மாள் வாசிக்கும் முறை வந்தால் டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். கீழே உட்கார்ந்து தானும் ஒரு பெட்டியை எடுத்து மடிப்பார். "அவசரமில்ல அய்யம்மா. மெதுவா வரட்டும்" என்பார். ஒரு வரி வந்து சேர்வதற்குள் ஒரு பெட்டி காய்ந்துவிடும். ஆனாலும் வரி வந்துவிடும்.

அந்த டீச்சர் போகிறார் என்றார்கள். வீட்டுக்காரருக்குப் புதுக்கோட்டையில் வேலையாம். சனிக்கிழமை பத்து மணி பஸ். வழியனுப்பும்போது ஆளுக்கொரு வார்த்தை சொல்லவேண்டும் என்று பேசிவைத்தோம். அய்யம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. இரண்டு நாள் கழித்து ஆறு அடிப்பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளடியிலும் பென்சிலால் ஒரு சொல் எழுதி, நூலால் கட்டிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

சனிக்கிழமை காலையில், ஒட்டிய பெட்டிகளை வீடு வீடாக அள்ளிப்போகும் ஏஜெண்டு நாகையாவின் மாட்டுவண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அய்யம்மாள் கிணற்றடியில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். "ஏ செல்லத்தாயி, அவ கூடையக் கொண்டு போயி வண்டியில போடுத்தா" என்றாள் அவள் அம்மா. கூடையைத் தூக்கும்போது பானைக்குப் பின்னால் கட்டிவைத்த ஆறு பெட்டியும் கண்ணில் பட்டன. மறந்துவிட்டாள் போல என்று நூலை அறுத்து லோடோடு லோடாகப் போட்டேன். உபகாரமாம் உபகாரம்! என் கையை உடைக்கவேண்டும்.

ஈரத் தலையோடு வந்தவள் பானைக்குப் பின்னால் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓடினாள். செய்தது தப்பென்று பிடிபட்டு நானும் ஓடினேன். தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) பெட்டிகள் கூரை முட்டக் குவிந்து கிடந்தன. அதற்குள் கையை விட்டு அவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளடியைப் பார்த்தாள்; அங்கே எழுதிவைத்ததாக விரலால் எழுதிக்காட்டினாள். "பஸ்ஸு போயிரும்டி" என்று நான்தான் இழுத்துவந்தேன்.

டீச்சர் பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தார். மற்ற பிள்ளைகள் சொல்லிமுடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அய்யம்மாள் வாயைத் திறந்தாள். "டீ... டீ..." அதற்கு மேல் வரவில்லை. "அவசரமில்ல அய்யம்மா" என்றார் டீச்சர். கண்டக்டருக்கு அவசரம். "ஏறுறீகளா இல்லையாம்மா?" என்றான். விசில் ஊதிவிட்டான்.

"டீச்சர், அவ அடிப்பெட்டியில எழுதி வச்சிருந்தா! நான் பாவி லோடுல போட்டுட்டேன்!" என்று ஜன்னலோடு ஓடிக்கொண்டே கத்தினேன்.

"எங்கே போனாலும் தீப்பெட்டி வாங்கத்தானே போறேன். பார்த்துக்கிறேன்டி!" என்றார் டீச்சர். பஸ் போய்விட்டது.

புழுதி அடங்கும்வரை அய்யம்மாள் நின்றாள். பிறகு குனிந்து, அந்தப் புழுதியிலேயே விரலால் எனக்கு எழுதிக்காட்டினாள்: 'நீங்க மட்டுந்தான் டீச்சர் என்னைய அவசரப்படுத்தாம இருந்தீக.' அன்றைக்கு நான் அழுத அழுகை என் கல்யாணத்திலும் அழவில்லை.

அடுத்து வந்தவர் வகுப்பில் பசை வாடையே கூடாது என்றுவிட்டார். அய்யம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். பத்து மணி நேரம் குச்சி அடுக்குவாள், யாரோடும் பேசவேண்டியதில்லை. கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை பேச எத்தனை நாளானாலும் அய்யம்மாள் ஒருநாளும் அதட்டியதில்லை.

அறுபத்தாறில், பள்ளிக்கூட விலாசத்துக்கு அவள் பேரில் ஒரு கார்டு வந்தது. நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

'அய்யம்மா, ஒவ்வொரு பெட்டியிலும் கடைசிக் குச்சி தீர்ந்ததும் அடியைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். ஒன்பது வருஷமாயிற்று. உன் பெட்டி இன்னும் வரவில்லை. என்ன எழுதியிருந்தாய், சொல்லேன்.'

அய்யம்மாள் அதை மூன்று தடவை வாசித்தாள். குச்சி மருந்து ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பதில் கார்டு எழுதினாள். அந்த ஆறு சொல்லையும் எழுதுவாள் என்று எட்டிப் பார்த்தேன். அதை எழுதவில்லை.

'அவசரமில்ல டீச்சர். மெதுவா வரட்டும்' என்று எழுதி, என் கையில் கொடுத்தாள்.